அரண்மனை அடுப்பிலிருந்து பகடை மேஜைக்கு

நீரோ சக்கரவர்த்திக்கு நஞ்சு காய்ச்சிக் கொடுத்த லோகஸ்டா, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் விளையாட்டு மேஜையில் வீராங்கனையாக எழுந்து நிற்கிறாள். அவளோடு எழுந்து வராதவர்கள் யார் யார்?

கி.பி. 55-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், ரோமாபுரி அரண்மனையின் போஜன மண்டபத்தில், பெரியவர்கள் சாய்மஞ்சங்களில் சாய்ந்தபடி உண்டுகொண்டிருக்க, அரச குலத்துச் சிறுவர்கள் மட்டும் அக்கால வழக்கப்படி உற்றார் பார்வையில் படும்படியாக, ஆடம்பரம் குறைந்த தனி மேஜையொன்றில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவன், பதினான்காவது பிறந்தநாளை எட்டிக்கொண்டிருந்த பிரிட்டானிக்கஸ்; காலஞ்சென்ற சக்கரவர்த்தி கிளாடியஸ் பெற்ற மகன்; ஸ்வீகாரத்தால் அந்தக் குடும்பத்துக்குள் வந்து பட்டத்தையும் அடைந்துவிட்ட நீரோவுக்குத் தம்பி முறை.

சுடச்சுட ஒரு பானம் வந்தது. சுவைத்துப் பார்ப்பதற்கென்றே நியமிக்கப்பட்டிருந்த பணியாள் அதில் ஒரு வாய் அருந்திவிட்டுப் பையன் கையில் கொடுத்தான். சூடு தாங்கவில்லை என்று பையன் திருப்பினான். குளிர்ந்த நீர் வார்த்தார்கள். பானத்தைச் சோதித்தவன் தண்ணீரைச் சோதிக்கவில்லை. அடுத்த கணம் பிரிட்டானிக்கஸுக்குப் பேச்சும் மூச்சும் ஒருங்கே நின்றுபோயின. விவரம் அறியாதவர்கள் பதறி எழுந்து ஓட, விவரம் அறிந்தவர்கள் இருந்த இடத்தை விட்டு அசையாமல் நீரோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த நிலை மாறாமலே, குழந்தைப் பருவம் முதல் அவனுக்கு வரும் வலிப்புதான், சற்று நேரத்தில் தெளிந்துவிடும் என்றான் சக்கரவர்த்தி. பையனின் தமக்கையும் நீரோவின் மனைவியுமான ஒக்டேவியா, அந்த இளம் வயதிலேயே துக்கத்தையும் பாசத்தையும் முகத்தில் காட்டாதிருக்கக் கற்றிருந்தாள். கொஞ்ச நேர மௌனத்துக்குப் பின் விருந்து மறுபடி நடந்தது. அன்றிரவே, கொட்டும் மழையில், சிதைக்குத் தீ வைத்தாயிற்று.

ரோமானிய சரித்திராசிரியர் டாசிடஸ் எழுதிவைத்துள்ள இந்த மண்டபக் காட்சியில், நஞ்சைக் காய்ச்சியவளைப் பற்றிய பேச்சே இல்லை. சக்கரவர்த்தியின் படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் அவள் வேலை முடிந்துவிட்டது, அதோடு சரி.

ஆசிரியர் இந்தப் பொருளை என்னிடம் ஒப்படைத்த வாரத்தில், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கை மகன் ஒரு காகிதத்தை நீட்டினான். தலைப்பில் 'லோகஸ்டா' என்று எழுதி, கீழே பலம், சாமர்த்தியம், உடல் உறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை நிரப்பியிருந்தான். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டில் ஒருவருடைய ஜாதகம் இப்படித்தான் கணிக்கப்படுகிறதாம். வசீகரத்துக்குப் பதினெட்டு.

"இவள் அவ்வளவு அழகி என்று உனக்கு யார் சொன்னார்கள்?" என்றேன்.

"விஷம் வைக்கிறவள் அழகாக இல்லாமல் எப்படி மாமா?" என்றான்.

தபால் அட்டைக்குள் அடங்கும் சரித்திரம்

லோகஸ்டாவின் முகத்தைப் பற்றிப் பழைய ஆசிரியர் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னவை எல்லாம் சேர்ந்தும் ஒரு தபால் அட்டைக்குள் அடங்கும். டாசிடஸும் சூடோனியஸும் காசியஸ் டியோவும் தத்தம் சரித்திரங்களில் சில வரிகள் எழுதியிருக்கிறார்கள்; அங்கதக் கவி ஜுவெனல் ஓரிடத்தில் பெயரை உதிர்த்துவிட்டுப் போகிறார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கே வெட்டுக்கிளி என்றும் கடலில் வாழும் ஓட்டுப் பிராணி என்றும் பொருள் உண்டு. பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் என்று நம்பச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

54-ஆம் ஆண்டு அக்டோபரில் கிளாடியஸைத் தீர்த்துக்கட்ட அவருடைய மனைவி அக்ரிப்பினா தீர்மானித்தபோது, விஷக் குற்றத்துக்காகச் சமீபத்தில் தண்டிக்கப்பட்டிருந்த லோகஸ்டாவைத் தேர்ந்தெடுத்தாள். ஆட்சியின் கருவிகளுள் ஒன்றாக அவள் நெடுங்காலம் வைத்துக்கொள்ளப்பட்டிருந்தாள் என்று டாசிடஸ் சொல்கிறார். மறு ஆண்டு, பிரிட்டானிக்கஸுக்காக அவள் காய்ச்சிய முதல் நஞ்சு வயிற்றுப்போக்கோடு போய்விட்டது. அவளை வரவழைத்துத் தன் கையாலேயே அடித்தான் நீரோ. குற்றம் வெளியே தெரியக் கூடாதென்று அளவைக் குறைத்ததாக அவள் சமாதானம் சொன்னாள். அவன் கண்ணெதிரே மறுபடி காய்ச்சினாள். ஓர் ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்தார்கள். அது ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தது. மேலும் மேலும் சுண்டக் காய்ச்சிப் பன்றிக்குப் போட்டார்கள். அது உடனே செத்தது. அதன் பிறகே விருந்து. சன்மானமாக அவளுக்குக் குற்ற மன்னிப்பும், விஸ்தாரமான நிலபுலன்களும், தொழில் கற்றுக்கொள்ள மாணாக்கர்களும் கிடைத்ததாகச் சூடோனியஸ் எழுதுகிறார்.

68-இல் நீரோவின் ராஜ்யம் சரிந்தது. தப்பி ஓடும் வேளைக்கென்று லோகஸ்டாவிடம் வாங்கித் தங்கச் சிமிழில் அடைத்து வைத்திருந்த நஞ்சு கடைசியில் அவனுக்குப் பயன்படவில்லை. கழுத்தில் கத்தி வைத்துத்தான் செத்தான். பின்வந்த கால்பா சக்கரவர்த்தி, லோகஸ்டாவையும் நீரோவின் வேறு சில ஆட்களையும் விலங்கிட்டு நகர் முழுதும் சுற்றவைத்து, பிறகு கொல்வித்தான்.

┌ பெட்டிச் செய்தி ┐
காளானா, காளானில் கலந்ததா?
கிளாடியஸுக்கு மிகப் பிரியமான காளான் கறியில் நஞ்சு வைக்கப்பட்டதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. ஐரோப்பாவில் மிகக் கொடிய நச்சுக்காளான், ஈரலை அழிக்கும் 'அமானிட்டா ஃபல்லாய்டிஸ்'. ஆனால் அதை உண்டவருக்கு முதல் அறிகுறி தோன்றவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகும்; சாவு வரப் பல நாட்கள் பிடிக்கும். கிளாடியஸோ ஓர் இரவுக்குள் இறந்துபோனார். ஆகவே காளான் வெறும் வாகனம், ஏறி வந்தது வேறு ஏதோ சரக்கு என்று கொள்வதே பொருத்தம்.
└──────────┘

'மருந்து' என்னும் சொல்

நம் கிராமங்களில் 'அவன் மருந்து குடித்துவிட்டான்' என்று கேட்டால் நெஞ்சு பதறுகிறது. வயலுக்கு அடிக்கும் மருந்து நினைவுக்கு வருகிறது. 'அவள் மருந்து வைத்துவிட்டாள்' என்றால் அது வசிய விவகாரம். இடுமருந்தை வாந்தியாக எடுப்பிக்கிறவர்களைத் தேடிப் போகிறார்கள். 'வேளைக்கு மருந்து சாப்பிடு' என்பதோ தாயின் வார்த்தை. லத்தீன் மொழியில் 'வெனேனும்' என்ற சொல்லும் இதே மூன்று வாசல்களிலும் நுழையும். அதனால்தான் கேயஸ் என்ற சட்ட அறிஞர், அந்தச் சொல்லைச் சொல்கிறவன் நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்று விதித்தார்.

இந்த மயக்கம் நீதிமன்றம் வரை வந்ததற்குச் சாட்சி உண்டு. கி.மு. 331-இல், ரோமில் பெரிய மனிதர்கள் பலர் ஒரே மாதிரியான நோயில் அடுத்தடுத்து மடிந்தபோது, ஒரு பணிப்பெண் துப்புக் கொடுக்க, பெரிய வீட்டு மாதர்கள் ஏதோ காய்ச்சிக்கொண்டிருந்தது பிடிபட்டது. இவை உடம்புக்கு நல்ல மருந்துகள் என்று அவர்கள் சாதித்தார்கள். அப்படியானால் குடியுங்கள் என்றாள் துப்புக் கொடுத்தவள். தமக்குள் கலந்து பேசி, எல்லோரும் பார்க்கக் குடித்து மடிந்தார்கள். மொத்தம் 170 பேர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டதாக ரோமானிய சரித்திராசிரியர் லிவி எழுதுகிறார். அவ்வளவு பேரும் கொலைகாரிகளா, அல்லது ஒரு கொள்ளைநோய்க் காலத்துப் பீதியில் அகப்பட்ட கைவைத்தியக்காரிகளா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

விளையாட்டில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அங்கே மூலிகைப் பெட்டி ஒன்று, நஞ்சுப் பெட்டி வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனித் தேர்ச்சி வேண்டும். ஆனால் நீரோவின் காலத்தில் லோகஸ்டா நஞ்சு காய்ச்சிய அதே அரசவையில், அவனுடைய வைத்தியர் ஆந்த்ரோமாகஸ், பாம்பு மாமிசம் உட்படப் பற்பல சரக்குகளைச் சேர்த்து, எல்லா விஷத்தையும் முறிக்கும் 'தெரியாக்' என்ற லேகியத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே சரக்குக்கடையில் சாமான் வாங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒருவர் பெயர் வைத்திய நூல்களில் நின்றது. மற்றவள் பெயர் வசைச்சொல் ஆயிற்று.

பகடையில் உருளும் நஞ்சு

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆதி விதிகளில், நஞ்சு என்றால் நஞ்சுதான். பகடையை உருட்டு, எண் விழுந்தால் பிழைத்தாய், தவறினால் உன் பாத்திரம் செத்தது. மாதக்கணக்கில் சீராட்டி வளர்த்த வீரன் ஒரு சிலந்திக் கடியில் மாய்வது ஆட்டக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே பதிப்புக்குப் பதிப்பு நஞ்சு நீர்த்துக்கொண்டே வந்து, உயிர்ப்புள்ளிகள் சிலவற்றைக் கழிக்கும் கணக்காயிற்று. கொலையாளி என்ற பாத்திர வகை 1978-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருந்தது. 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. பிற்பாடு வேறு உருவில் திரும்பி வந்தது. 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் அது கள்வர் வகையின் ஒரு கிளை. நஞ்சுப் பெட்டியில் தேர்ச்சி அதற்கு இலவசம்.

┌ பெட்டிச் செய்தி ┐
விளையாட்டுக் கடைத்தெருவின் விலைவாசி
2014 பதிப்பில் சாதாரண நஞ்சு ஒரு குப்பி 100 பொற்காசு. அதை ஆயுதத்தில் தடவி அடித்தால் நாலு முகப் பகடை ஒன்றை உருட்டி வரும் அளவுக்கே சேதம். 'நள்ளிரவுக் கண்ணீர்' என்று பொருள்படும் பெயருள்ள ஒரு நஞ்சுக்கு 1,500 பொற்காசு. உணவில் கலந்து கொடுத்தால் நடுநிசி வரை ஒன்றும் செய்யாது, மணி அடித்ததும் வேலையைக் காட்டும். நஞ்சுகள் நால்வகை: தொட்டால் ஏறுவது, தின்றால் ஏறுவது, முகர்ந்தால் ஏறுவது, காயத்தின் வழியே ஏறுவது. குள்ளர் இனத்தாருக்கு நஞ்சை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே உண்டு.
└──────────┘

பாத்திரங்களைச் சிருஷ்டிக்கிறவர்கள் பெரும்பாலும் காயத்தின் வழியே ஏறும் நஞ்சையே நாடுகிறார்கள். காரணம் எளிது. ஆட்டம் நடப்பது போர்க்களத்தில். கத்தி முனையில் பச்சைத் துளி மின்னினால் பார்க்க நன்றாயிருக்கிறது. லோகஸ்டாவின் கலையோ தின்றால் ஏறுகிற வகை. அதற்குக் களம் சமையற்கட்டு. ஆயுதம், விருந்தாளி வீட்டுக்காரன்மீது வைத்த நம்பிக்கை. அதை எந்தப் பகடையில் எழுதுவது? நான் மருமானிடம் கேட்டேன். "கான்ஸ்டிட்யூஷன் ஸேவ் போடுவோம் மாமா" என்றான். உடல் உறுதியாம். பிரிட்டானிக்கஸின் பக்கத்தில் உண்டுகொண்டிருந்த தோழன் தைத்தஸ், அதே பானத்தில் கொஞ்சம் அருந்தி நெடுநாள் நோயில் கிடந்து பிழைத்தானென்றும், பிற்காலத்தில் தானே சக்கரவர்த்தியானானென்றும் ஒரு செய்தி உண்டு; உடல் உறுதிப் பகடை நல்ல எண்ணாக விழுந்த ஒருவன் அந்த மேஜையில் இருந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டுக்குட்டி மனிதனான கதை

சரித்திரத்தைத் திருத்தும் பழக்கத்தை விளையாட்டுக்காரர்கள் தொடங்கிவைக்கவில்லை. சூடோனியஸின் கதையில் நஞ்சைச் சோதித்தது ஆட்டின்மீதும் பன்றியின்மீதும். 1669-இல் பிரெஞ்சு நாடகாசிரியர் ராஸீன் 'பிரிட்டானிக்கஸ்' நாடகம் எழுதியபோது, சோகரசம் ததும்பும் மேடையில் பன்றிக்கு இடமில்லை என்று கருதினார் போலும். சோதனைக்கு ஓர் அடிமை பலியானதாக மாற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸில்வெஸ்டர் என்ற பிரெஞ்சு ஓவியர், தரையில் துடிக்கும் அடிமையை நீரோவும் லோகஸ்டாவும் உட்கார்ந்து பார்ப்பதாகப் பெரிய திரையில் தீட்டினார். பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா தம் 'மான்டி கிறிஸ்டோ பிரபு'வில், குடும்பத்துக்குள்ளேயே விஷம் வைக்கும் ஒருத்தியைப் பற்றிய அத்தியாயத்துக்கு இவள் பெயரையே சூட்டினார். அதோடு நின்றதா? ஒட்டகச்சிவிங்கியை ஏவி லோகஸ்டாவை மானபங்கம் செய்வித்துக் கொன்றார்கள் என்றொரு அருவருப்பான கதை இன்று உலகெங்கும் உலவுகிறது. பழைய நூல் எதிலும் அதற்கு ஆதாரமில்லை. காசியஸ் டியோ சொன்ன விலங்கும் வீதியும் போதாதென்று யாரோ பிற்காலத்தில் சேர்த்த மசாலா.

இதில் ஒரு போக்கு எனக்குத் தெரிகிறது. ஆட்டுக்குட்டி மனிதனாகும்போது நஞ்சுக்காரியின் பாவச்சுமை ஏறுகிறது. தண்டனை கோரமாகும்போது அந்தச் சுமை நியாயமாகிவிடுகிறது. அழகு சேரும்போது எல்லாம் ரசிக்கத்தக்கதாகிவிடுகிறது. விளையாட்டு இந்த மூன்றாம் படியில் வந்து நிற்கிறது.

2010-இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட்' விளையாட்டில் மறுமலர்ச்சிக் கால இத்தாலியச் சீமாட்டி லுக்ரேஸியா போர்ஜியா வருகிறாள். அவள் எவருக்காவது விஷம் வைத்தாள் என்பதற்கு அத்தாட்சி கிடையாது. 1833-இல் விக்டர் யூகோவின் நாடகமும் அதைத் தழுவிய தோனிஸெத்தியின் இசைநாடகமும் கட்டிவிட்ட பெயர் அவளை விட்டுப் போகவில்லை. ஜப்பானியக் கற்பனை வரிசையான 'ஃபேட்'டில் அசீரியப் பேரரசி செமிராமிஸ், உலகத்தின் முதல் நஞ்சுக்காரி என்ற விருதோடு வருகிறாள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த சரித்திர ராணி ஷம்முராமத், மூன்றாம் அதாத்-நிராரியின் தாய். கிரேக்கர்கள் வளர்த்த கதையிலும் அவளுடைய பெரும்புகழ் நகரம் எழுப்பியதிலும் படை நடத்தியதிலும்தான். இதே வரிசையில்தான் வேடிக்கையின் சிகரத்தைக் கண்டேன். 2010-ஆம் ஆண்டின் 'ஃபேட்/எக்ஸ்ட்ரா' முதல் அங்கே நீரோ சக்கரவர்த்தி, சிவப்பு உடை தரித்த பொன்னிறக் கூந்தல் நங்கை. பாட்டும் நாடகமும் பிரியம். ரசிகர்கள் உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார்கள். லோகஸ்டாவும் அதே உலகத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்த முத்திரை, கொலையாளி. ஏவியவர் நாயகி, ஏவப்பட்டவள் கொலையாளி.

┌ பெட்டிச் செய்தி ┐
நம் விஷகன்னியும் போய்ச் சேர்ந்தாள்
விசாகதத்தரின் 'முத்ராராட்சசம்' என்ற வடமொழி நாடகத்தில், சந்திரகுப்தனுக்காக ராட்சசன் அனுப்பிய விஷகன்னியைச் சாணக்கியன் தந்திரமாகக் கூட்டாளி பர்வதகன் பக்கம் திருப்பிவிட, அவன் மடிகிறான். அமெரிக்காவின் 'பாத்ஃபைண்டர்' விளையாட்டு, 2012-ஆம் ஆண்டு வெளியான தன் இனங்கள் பற்றிய நூலில், 'விஷ்கன்யா' என்பதை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய ஓர் இனமாகவே சேர்த்துக்கொண்டது. நாடகத்தில் அவள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிடப்பட்ட கருவி. விளையாட்டில் சுதந்திரப் பிரஜை.
└──────────┘

கோப்பையை ஏந்திய கைகள்

சுதந்திரம் கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். என் மருமான் அப்படித்தான் கேட்டான். அவன் எழுதியிருந்த லோகஸ்டா எவருக்கும் அடங்காதவள். கெட்ட பிரபுக்களைத் தேடித் தேடிக் கொல்கிறவள். தனக்கென்று ஒரு தர்மம் வைத்திருப்பவள். விலங்கிட்டு வீதியில் இழுத்துச் செல்லப்பட்ட ஒருத்திக்குக் கற்பனையிலாவது இவ்வளவு செய்ய வேண்டுமென்று ஓர் இளைஞனுக்குத் தோன்றியதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரக்கம் மதிக்கத்தக்கது.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதனால் வேறு சிலர் சௌகரியமாகத் தப்பித்துக்கொள்கிறார்கள். அவள் தானே முடிவு செய்து கொல்கிறவள் என்றால், தீர்மானித்த அக்ரிப்பினா எங்கே? அடித்த நீரோ எங்கே? அவளைத் தன் காவலில் வைத்திருந்த காவற்படை அதிகாரி ஜூலியஸ் பொல்லியோ எங்கே? முக்கியமாக, ஹலோட்டஸ் எங்கே? கிளாடியஸின் உணவைச் சுவைத்துக் காக்கவேண்டிய பதவியில் இருந்துகொண்டு, அந்தக் கறியைத் தானே பரிமாறியவன் அவன் என்கிறார் டாசிடஸ். லோகஸ்டாவைக் கொல்வித்த அதே கால்பா, ஊர் முழுவதும் ஹலோட்டஸின் தலையைக் கேட்டபோது, கேட்டதைக் கொடுக்காமல், வருமானம் கொழிக்கும் பெரிய நிர்வாகப் பதவியொன்றை அவனுக்குக் கொடுத்ததாகச் சூடோனியஸ் பதிந்திருக்கிறார். அடுப்படியில் நின்றவளுக்கு விலங்கு. தட்டை ஏந்தியவனுக்கு உத்தியோகம். நான் தேடிய வரையில் ஹலோட்டஸைப் பாத்திரமாக்க ஆசைப்பட்ட ஆட்டக்காரர் எவரையும் காணவில்லை. பரிமாறுகிறவனுக்கு எந்தப் பகடை?

நஞ்சு என்பது தனியொருவர் கைவேலையன்று. கடையில் வாங்குகிறவன், காய்ச்சுகிறவள், சுமக்கிறவன், சுவைப்பதாக நடிக்கிறவன், பார்த்தும் பாராமல் சாய்ந்திருக்கும் விருந்தாளிகள் என்று ஒரு நிறுவனமே அதன் பின்னால் இருக்கிறது. லோகஸ்டாவுக்கு மாணாக்கர்களைக் கொடுத்ததன் பொருளும் அதுதான். ஒரு கைதியின் கைத்திறனை அரசாங்கம் இலாகாவாக்கிக்கொண்டது. விளையாட்டோ இந்த நிறுவனத்தை ஒரே உடம்புக்குள் அடைத்து, கறுப்பு முக்காடு போட்டு, கையில் குப்பியைக் கொடுத்து நிறுத்துகிறது. பார்க்கிறவர்கள் மனத்தில் விஷம் என்றால் ஒரு பெண்ணின் முகம் பதிகிறது. ரோமானிய வதந்திகள் செய்ததும் இதுவே. கி.மு. 81-இல் ரோமானிய சர்வாதிகாரி சுல்லா கொண்டுவந்த சட்டம் கத்திக்காரர்களையும் நஞ்சுக்காரர்களையும் ஒரே தலைப்பில் தண்டித்தது. கத்திக்காரன் என்றதும் அவனை அனுப்பியவன் யார் என்று கேட்கத் தோன்றுகிறது, நஞ்சுக்காரி என்றதும் அந்தக் கேள்வி எழுவதேயில்லை.

விதிப் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்கொன்று தோன்றியது. 'வார்லாக்' என்றொரு வகை அதில் இருக்கிறது. அவனுடைய சக்தி அவனுடையதன்று. மேலே இருக்கும் ஒரு பெரும் சக்தியோடு செய்த உடன்படிக்கையால் வருவது. அந்த எஜமானன் யாரென்று தாளிலேயே எழுதியாக வேண்டும். லோகஸ்டாவுக்குப் பொருத்தமான வகை கள்வனோ கொலையாளியோ அல்ல, இதுதான் என்று மருமானிடம் சொன்னேன். எஜமானன் என்ற கட்டத்தில் நீரோ என்று எழுது; அவன் அடிப்பான்; நீ காய்ச்சுவதை அவன் பார்த்துக்கொண்டு நிற்பான்; மறுத்தால் பழைய தண்டனை காத்திருக்கிறது; அளவைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, குற்றத்தை மறைக்கத்தான் குறைத்தேன் என்று பொய்யோ மெய்யோ சொல்லிப் பார்க்கும் ஒரே ஒரு வாய்ப்பு உனக்கு உண்டு, அதை வைத்து ஆடிப் பார் என்றேன். அந்த முதல் நஞ்சு ஏன் வலுவிழந்திருந்தது என்ற கேள்வி சரித்திரத்தில் மூடிக் கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்க நாடகாசிரியனைவிட ஆட்டக்காரனுக்கே நல்ல சாவி வாய்த்திருக்கிறது.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பென்சிலின் மறுமுனையில் இருந்த ரப்பரால், தாளின் தலைப்பிலிருந்த பெயரை அழிக்கத் தொடங்கினான்.

"அவளுக்கு மாணவர்களைக் கொடுத்தார்கள் என்றீர்களே மாமா, அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?"

"அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெயர்களும் இல்லை."

"அப்படியானால் நான் அவர்களில் ஒருத்தியாக ஆடுகிறேன். வாத்தியாரம்மாவை விலங்கு போட்டு இழுத்துப்போன நாளிலிருந்து ஆரம்பம்."

வசீகரத்தின் பதினெட்டை அழித்துவிட்டு ஒன்பது போட்டான். எஜமானன் என்ற கட்டத்தில் கால்பா என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டான். பெயருக்கான இடம் காலியாகவே இருந்தது.